குல்கந்தும் சிவப்புப் பெட்டியும்

போன நோன்புப் பெருநாள் அன்று மதியம் அக்கா வீட்டில் பிரியாணி முடிந்து எல்லாரும் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். அக்கா மகள் அப்போதுதான் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்திருந்தாள். காசநோய் வார்டில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். அம்மா சும்மா இருக்காமல், "உன் மாமுவுக்குக்கூட அது வந்ததுதான். முதல்ல நம்ம ஹக்கீம் சாப்கிட்டதான் கூட்டிட்டுப் போனேன்" என்றார். எங்கள் ஊர் யூனானி வைத்தியரைச் சொன்னார். அவ்வளவுதான், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டி.பி.க்கு ஹக்கீமா? மாமு, நீங்க உயிரோட உட்கார்ந்திருக்கிறதே பெரிய விஷயம்." கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்கா வீட்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஏம்மா சிரிக்கிற? இதெல்லாம் நம்ம இப்னு சினா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சது" என்றார். அவள் பட்டென்று திருப்பிக் கேட்டாள்: "எழுதி வெச்சாருன்னா, அத்தா, அதுக்கப்புறம் தொள்ளாயிரம் வருஷம் ஏன் எல்லாரும் செத்துக்கிட்டே இருந்தாங்க?" அவரிடம் பதில் இல்லை. யாரோ பாயசம் கொண்டுவந்தார்கள், பேச்சு வேறு பக்கம் போனது.

இரவு வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தல் ஆரம்பித்தது. அவள் சிரித்ததில் ஒன்றும் இல்லை. சின்னப் பெண், எக்ஸ்ரே படிக்க இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள், சிரிக்கட்டும். நான் ஏன் சிரித்தேன்? என் உடம்பில் இருப்பது இன்னதென்று முதலில் பெயர் சொன்னவர் அந்த ஹக்கீம். அவரைப் பற்றிய சிரிப்பில் நான் சேர்ந்துகொண்டேன். அதே சமயம், அந்தச் சிரிப்பில் துளியும் நியாயம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னிடமும் அன்றைக்குப் பதில் இல்லை.

கை பார்த்த நாள்

2003. எனக்கு வயது 24. குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் சாலையில், ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊர். காட்டிலிருந்து யானை இறங்கி மாந்தோப்பை மிதிக்கும் ஊர் என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். ஆண்கள் தோல் ஷாப்புக்கோ ஷூ கம்பெனிக்கோ போவார்கள். பெண்கள் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். நான் ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவில் இருந்தேன். இருமல் வந்தபோது பசை வாடை என்றுதான் நினைத்தேன். சாயந்தரம் ஆனால் லேசாக உடம்பு சுடும். இரவில் தலையணை நனைகிற அளவு வியர்க்கும். பேன்ட்டில் பெல்ட் ஓட்டை ஒன்றொன்றாக உள்ளே போய், கடைசியில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். 58 கிலோ இருந்தவன் 47-க்கு வந்திருந்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மா பெல்ட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

ஹக்கீம் சாப்பின் கடைப் பலகையில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் இருக்கும். எல்லை தாண்டி வி.கோட்டா பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். உள்ளே போனால் சோம்பும் ரோஜாவும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாசனை. அவர் மணிக்கட்டில் நாலு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நப்ஸ் பார்ப்பது என்பார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும், எனக்கு அரை மணி நேரம் போலத் தெரிந்தது. பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகுப் பக்கம் போய்த் தோள்பட்டை எலும்பைத் தொட்டார். விரல் நகங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குனிந்து என் கால் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். எத்தனை நாளாக இருமுகிறாய் என்று கேட்டார். ஆறு வாரம் என்றேன். அவர் தனக்குள் பேசுவது போல, "தப்பெ திக்" என்றார்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. திக் என்ற சொல் எங்களுக்கு வேறு விதமாகப் பழக்கம். சின்ன வயதில் நான் நச்சரித்தால் "திக் பண்ணாதேடா" என்று அம்மா விரட்டுவார். தக்னி உருதுவிலிருந்து எங்கள் தமிழுக்குள் வந்து உட்கார்ந்த சொல். விடாமல் ஆளை அரித்துத் தின்னும் காய்ச்சலுக்கும் அதே பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அரபியில் மெலிதல் என்று பொருள். நம் பாட்டிமார் எலும்புருக்கி என்று சொன்னதும் இதைத்தான்.

நான் பயந்திருந்ததைப் பார்த்து அவர் விளக்க ஆரம்பித்தார். காய்ச்சலில் மூன்று வகை உண்டு. ஒரு ஹம்மாமை, அதாவது வெந்நீர்க் குளியல் கூடத்தை நினைத்துக்கொள். உள்ளே காற்று மட்டும் சூடானால் கதவைத் திறந்தால் போதும், ஆறிவிடும். அது ஒரு நாள் காய்ச்சல். தொட்டித் தண்ணீர் சூடானால் ஆற நேரம் பிடிக்கும். அது உடம்பின் நீர்களில் ஏறிய காய்ச்சல். சுவரே சூடாகிவிட்டால்? "உனக்குச் சுவர் சூடாயிருக்கு தம்பி" என்றார். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு வைத்தியர் என் நோயைப் பற்றி என்னிடம் சொன்னதில் இதைவிடத் தெளிவான வாக்கியம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

லவூக் சபிஸ்தான் ஒரு டப்பா கொடுத்தார். நறுவிலிப் பழம் போட்ட லேகியம், இருமலுக்கு இதமாக இருக்கும். காசு வாங்கவில்லை. அப்புறம் சொன்னார்: "இது தொண்டைக்குத்தான். நோய்க்கு நாளைக்குக் காலைல கவர்மெண்ட் ஆஸ்பத்திரி போ. சளி எடுக்கச் சொல்லுவாங்க. மூணு தடவை எடுப்பாங்க, மூணும் குடு." அம்மாவுக்குக் கோபம். வழியெல்லாம், "வைத்தியம் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இவர் எதுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், ஹக்கீம் அனுப்பினார் என்று கேட்டதும், இருபது வருஷம் கழித்து என் அக்கா மகள் சிரிக்கப்போகும் அதே சிரிப்பைச் சிரித்தார். சளியில் கிருமி இருந்தது.

ரோஜா லேகியம் தின்ற பெண்

பெருநாளுக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, அரபி படித்த ஒரு நண்பனை உட்கார வைத்து, இப்னு சினாவின் அல் கானூன் என்ற மருத்துவ நூலில் இந்த நோய் வரும் பக்கங்களைப் படித்துச் சொல்லச் சொன்னது. இப்னு சினா மத்திய ஆசியாவில் புகாரா பக்கத்தில் 980-இல் பிறந்து 1037-இல் இறந்தவர். அக்கா வீட்டுக்காரர் "நம்ம" என்றாரே, அதைப் பற்றி ஒரு வார்த்தை: யூனானி என்றால் கிரேக்கம். பழைய கிரேக்க வைத்தியர்கள் ஹிப்போகிரட்டீஸும் காலனும் (Galen) எழுதியதை அரபியில் கொண்டுவந்து, சரி பார்த்து, வரிசைப்படுத்தி, தங்கள் அனுபவத்தையும் சேர்த்ததுதான் அந்த மருத்துவம். எழுதியவர்களே அதை ஒளிக்கவில்லை. நாம்தான் பெருநாள் மதியங்களில் ஒளிக்கிறோம்.

கானூனில் இந்த நோய் இரண்டு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் நூலில், நெஞ்சு நோய்களோடு, ஸில் என்ற பெயரில் நுரையீரல் புண்ணாக வருகிறது. நான்காம் நூலில், காய்ச்சல்களோடு, திக் என்று வருகிறது. ஒரே கிருமியின் வேலை என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் பார்த்ததைச் சொல்கிற சுத்தம் இருக்கிறதே, அங்கே நான் திகைத்தேன். இறக்கை போல் துருத்தும் தோள்பட்டை. வளைந்த நகம். மெலிவின் படிகளை விளக்கை வைத்துச் சொல்கிறார்: முதலில் விளக்கில் இருக்கும் எண்ணெய் தீரும், அடுத்து திரி உறிஞ்சி வைத்த எண்ணெய் தீரும், கடைசியில் திரியே எரியும். நுரையீரல் புண் ஏன் ஆறுவதில்லை என்று சில வைத்தியர்கள் சொன்ன ஒரு காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். புண் ஆற அசையாமல் இருக்க வேண்டும், நுரையீரலோ மூச்சு இருக்கும் வரை அசைந்துகொண்டே இருக்கிறது. இது வெறும் ஏட்டுச் சிந்தனை என்று தள்ளத் தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பிய டாக்டர்கள் விலாவில் ஊசி குத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றி, அதைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுத்தார்கள். அதே எண்ணம்தான், ஊசி மட்டும் புதிது.

நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். குறுகலான வீடுகளில் ஒட்டும், நோயாளியைத் தொட்டு வரும் காற்று படும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒட்டும். பரம்பரையாக வரும் நோய்களின் பட்டியலிலும் இதே ஸில்லைச் சேர்த்திருக்கிறார். முரண்பாடு போலத் தெரிகிறது. ஆனால் கிருமி உடம்புக்குள் புகுந்தவர்களில் பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களிடம் தூங்கிக்கொண்டே இருக்கும். ஒரே வீட்டில் அப்பாவுக்கு வந்து பதினைந்து வருஷம் கழித்து மகனுக்கு வந்தால், நுண்ணோக்கி இல்லாதவர் என்ன நினைப்பார்? ரத்தத்தில் வந்தது என்றுதான்.

எனக்கு நோய் உறுதியானதும் வீட்டில் இதே சண்டை வேறு ரூபத்தில் நடந்தது. தனியாகப் படுக்க வை என்று அக்கா. தொற்று என்று ஒன்று கிடையாது, ஹதீஸில் இருக்கிறது என்று பெரியத்தா. ஹக்கீம் சாப்பிடம் கேட்டபோது அவர் சிரிக்காமல், "அதே ஹதீஸ்ல, குஷ்டரோகியைக் கண்டா சிங்கத்தைக் கண்ட மாதிரி ஓடுன்னும் இருக்கு. அந்தப் பாதியையும் பெரியத்தாவை ஓதச் சொல்லு" என்றார். அன்று இரவே என் பாய் மாடி ஜன்னலோரம் போனது.

சரி, குல்கந்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு பத்திதான். ஸில்லுக்கு இப்னு சினா சொல்லும் மருந்துகளில் வாற்கோதுமைக் கஞ்சி, கழுதைப் பால், ஆற்று நண்டு எல்லாம் உண்டு. அவற்றோடு ரோஜா இதழும் இனிப்பும் சேர்த்துச் செய்யும் ஜுலஞ்சபீன். நாம் குல்கந்து என்று பீடாவில் போட்டுத் தின்கிறோமே, அதுதான். அதைப் புகழ்ந்துகொண்டே வருகிறவர் திடீரென்று ஒரு கதை சொல்கிறார். ஒரு பெண். நோய் முற்றிப் படுக்கையில் விழுந்துவிட்டாள். கஃபன் முதலான சாவுக்கு வேண்டியதைத் தயார் செய்ய ஆள் கூப்பிட்டாகிவிட்டது. அவளுடைய சகோதரன் தலைமாட்டில் உட்கார்ந்து நெடுநாள் இந்த மருந்தைக் கொடுத்தான். அவள் பிழைத்தாள், தேறினாள், சதை போட்டாள். இதைச் சொல்லிவிட்டு, அவள் எவ்வளவு குல்கந்து தின்றாள் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்கள் என்ற பயம்.

நண்பனை அந்த இடத்தை மூன்று முறை படிக்கச் சொன்னேன். உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய வைத்தியர், தன் பேச்சை மற்றவர்கள் நம்புவார்களா என்று கூச்சப்படுகிறார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த கையோடு ஒரு சந்தேகமும் வந்தது. அந்தப் பெண் பிழைத்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எதனால் பிழைத்தாள்?

1960-களில் பெங்களூருவின் தேசிய காசநோய் நிறுவனம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தது. சளியில் கிருமி இருந்தவர்களை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துபோனார்கள். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் கிருமியோடே இருந்தார்கள். மீதி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தானாகவே குணமாகியிருந்தார்கள். முறையான சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் சென்று சேராத ஊர்களில்! இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றில் ஒருவர் என்றால் சும்மா இல்லை. ஒரு வைத்தியரிடம் முப்பது பேர் வந்தால் பத்துப் பேர் எதைத் தின்றாலும் பிழைப்பார்கள். குல்கந்து தின்றவர் குல்கந்தால் பிழைத்தேன் என்பார், நண்டுச் சாம்பல் தின்றவர் நண்டால் என்பார். அந்தப் பத்துப் பேரும் அடுத்த பெருநாளுக்குப் பழத்தட்டோடு வைத்தியர் வீட்டுக்கு வருவார்கள். செத்தவர்கள் வர மாட்டார்கள். வந்தவர்களை மட்டும் பார்க்கிற எந்தப் பெரிய மூளையும் ஏமாறும். இப்னு சினா தயங்கியது, தான் பார்த்தது ஒரே ஒரு பெண் என்று உள்ளுக்குள் தெரிந்ததால் இருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. இது என் கற்பனை, அவர் எழுத்தில் இல்லை.

அக்கா மகளின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலில் பாதி இது. மறுபாதி அவளுக்கும் அவ்வளவு பிடிக்காது. ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882 மார்ச் 24. முதல் உருப்படியான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களின் நடுவில். இடையில் அறுபது வருஷம் டாக்டர்களுக்குக் கிருமி தெரியும், கொல்லத் தெரியாது. எங்கள் எல்லைக்கு மேலே மதனப்பள்ளி அருகில் 1912-இல் ஆரோக்கியவரம் சானடோரியத்தை, அதாவது காசநோயாளிகள் தங்கி ஓய்வெடுக்கும் மருத்துவமனையை, தொடங்கினார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட் மோலர் நடத்தினார். அந்தக் காலத்தில் எந்த சானடோரியத்திலும் கொடுக்க முடிந்தது என்ன? மேட்டு நிலத்துக் காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை. எங்கள் நன்னாவின் அண்ணன் ஒருவர் அங்கே போய் ஒரு வருஷம் இருந்து, கன்னம் உப்பித் திரும்பி வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சில வருஷம் கழித்து மறுபடி விழுந்தார். கிருமியைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் அந்த அறுபது வருஷம் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்கள். அவள் அன்று சிரித்த சிரிப்பை இவர்களுக்கும் சேர்த்துச் சிரிக்க வேண்டியிருக்கும்.

காற்றும் ஓய்வும்தான் வைத்தியம் என்ற நம்பிக்கையை முறித்துப் போட்ட ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கி, நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள், பாதிப் பேரை வீட்டிலேயே விட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரை. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் நெரிசல், ஏழைச் சாப்பாடு, வேலை. 1959-இல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். இங்கே இரண்டு கூட்டத்தையும், பிழைத்தவர் செத்தவர் எல்லாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினார்கள். காற்றும் பாலும் முட்டையும் செய்ததாக நினைத்த வேலையை மாத்திரை செய்தது.

78 வேளை

என் மாத்திரை சிவப்புப் பெட்டியில் வந்தது. பெட்டி மேல் என் பெயர் எழுதியிருந்தது. எனக்கென்றே ஒரு பெட்டி என்பதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. அப்போது வாரம் மூன்று நாள் முறை. திங்கள், புதன், வெள்ளி காலையில் அங்கன்வாடிக்குப் போவேன். டீச்சர் முன்னால் ஏழு மாத்திரையை விழுங்க வேண்டும். பிள்ளைகள் சத்துமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும். முதல் இரண்டு மாதம் 24 வேளை, அடுத்து 54 வேளை. முதல் வாரமே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, பதறிவிட்டேன். ரிஃபாம்பிசின் செய்கிற வேலை அது, பயப்பட ஒன்றுமில்லை என்று டீச்சர் சொன்னார். ஹக்கீம் சாப்பிடம் சொன்னேன். கண்ணாடிக் குடுவையில் சிறுநீரின் நிறம் பார்த்தே பாதி நோய் சொல்லும் பழக்கம் உள்ளவர். சத்தம் போட்டுச் சிரித்தார். "இந்த நிறத்துக்கு எங்க புத்தகத்துல பக்கமே இல்லை, போ."

அம்மா விடவில்லை. தெருவில் "கழுதைப் பாலேய்" என்று கூவிக்கொண்டு வருபவரை நிறுத்தி, ஒரு சங்கு பால் கறக்க வைத்துக் குடிக்கக் கொடுத்தார். இப்னு சினா சொன்னது என்று அம்மாவுக்குத் தெரியாது, குழந்தைக்குக் கொடுப்பது தெரியும், அவ்வளவுதான். லேசாக இனித்தது. மாத்திரைக்கு நடுவே அதுவும் உள்ளே போனது.

இரண்டாம் மாதம் முடிவில் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, எடை ஏறியது. எனக்கு நிறுத்திவிடலாம் போல இருந்தது. பெட்டியோ பாதிகூடத் தீரவில்லை. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் செத்துவிடும், அதனால் சுகம் போலத் தோன்றும், சோம்பேறிக் கிருமிகள் மிச்சம் இருக்கும் என்று பிற்பாடு படித்தேன். அந்த வயதில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கே வந்து திட்டினார். மீதியையும் விழுங்கினேன்.

சின்னம்மா

இப்போது அந்தக் காரணம், அக்கா மகள் சிரித்ததில் துளியும் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை என்பது. 2011-இல் என் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஹக்கீம் சாப் வீட்டுக்குப் போனேன். கடையை மகன் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் உள்ளறையில் கட்டிலில் இருந்தார், கண் சரியாகத் தெரியவில்லை. பத்திரிகையைக் கையால் தடவிப் பார்த்தார். நான் நன்றி சொன்னேன். அன்றைக்கு நீங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உன் சின்னம்மாவுக்கு நான்தான் வைத்தியம் பார்த்தேன், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அம்மாவின் சித்தி மகள். பீடி சுற்றுவார். நான் பத்தொன்பது வயதில் இருந்தபோது இறந்தார். நெஞ்சுச் சளி என்று மட்டும் வீட்டில் பேச்சு. இந்த மாதிரி நோய்களின் பெயரை எங்கள் வீடுகளில் சத்தமாகச் சொல்வதில்லை, வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்கள் இருப்பார்கள்.

"அஞ்சு மாசம் பார்த்தேன்" என்றார். "குர்ஸ் காஃபூர் குடுத்தேன். சாயந்தர ஜுரம் இறங்கிருச்சு. அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். பிரியாணி செஞ்சு அனுப்பினா. ஜுரம் இறங்கினதைப் பார்த்து நோயே இறங்கிருச்சுன்னு நினைச்சேன், தம்பி. ஆறாம் மாசம் ரத்தமா வாந்தி. வேலூர் கொண்டுபோனாங்க. மூணு நாள்."

இந்த நோயில் காய்ச்சல் ஏறும், இறங்கும், மாதக்கணக்கில் ஒளிந்துகொள்ளும். கற்பூர மாத்திரை கொடுத்த நேரத்தில் இறங்கியது என்றால் மாத்திரையால் இறங்கியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரியாணி வேறு வருகிறது. அவர் அதற்கு மேல் தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை, சமாதானம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிற ஒருவரையும் தன்னிடம் வைத்துக்கொண்டதில்லை என்று மட்டும் சொன்னார். 2003-இல் நான் உள்ளே போய் ஆறு வாரம் என்று சொன்ன கணத்திலேயே என் முடிவு ஆகிவிட்டிருந்தது. நப்ஸ் பார்த்தது, தோள்பட்டை பார்த்தது, ஹம்மாம் கதை சொன்னது எல்லாம் எங்களுக்குத் தைரியம் கொடுக்கவா, தன் பழக்கத்துக்காகவா, தெரியாது. நான் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மௌத்தாகிவிட்டார்.

சின்னம்மாவின் சாவு இல்லாமல் என் பிழைப்பு இல்லை என்பதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருநாள் கூடத்தில் அம்மா என் கதையை எடுத்தபோது சிரித்துக் கடந்ததற்கும் அதுதான் காரணமோ என்னவோ. அந்த ஹக்கீமை நல்லவர் என்று சொன்னால் சின்னம்மாவைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

போன மாதம் அக்கா மகள் ஒரு நாள் லீவில் வந்தாள். இந்த முறை நானே ஆரம்பித்தேன். குல்கந்துப் பெண்ணைச் சொன்னேன், பெங்களூரு கணக்கைச் சொன்னேன். அவள் அமைதியாகக் கேட்டாள். தன் பங்குக்கு ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னாள். நோயாளி வீட்டில் கூட இருப்பவர்களுக்குச் சத்தான ரேஷன் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாம். 2023-இல் வெளியானது. "சாப்பாடு மருந்து இல்லை மாமு, மாத்திரைதான் மருந்து. ஆனா வத்திப்போன உடம்புல மாத்திரை போட்டும் செத்துடறாங்க. அதனாலதான் இப்ப முதல் நாளே எடை பார்க்கிறோம்" என்றாள். தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022-இல் வந்த பிறகு, நோய் உறுதியான உடனே யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பிரிக்கிறார்களாம். எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, அப்புறம் கால் வீக்கம்.

"கால் வீக்கம் எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி, எடுத்துவிட்டுப் பார்த்தாள். "இப்படி. குழி விழுந்தா உடனே அட்மிட் பண்ணணும்."

ஹக்கீம் சாப் 2003-இல் என் காலை அழுத்தியதைச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்களுக்குக் குழி விழுந்துச்சா?"

"இல்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அந்தச் சின்ன நன்னிக்கு?"

சின்னம்மா கடைசிப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது செருப்பு காலில் ஏறவில்லை என்று கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் அவர் ஹக்கீம் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவளிடம் செருப்பை மட்டும் சொன்னேன்.